கூரையைப் பார்க்கும் பயிற்சி

என் மனைவி மார்னி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை என் முதுகைப் பார்ப்பாள். நான் குளித்துவிட்டு வந்து சமையலறை நாற்காலியில் திரும்பி உட்கார வேண்டும். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். அதன்மேல் மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்து குறிப்பேட்டில் எழுதுவாள். பிறகு முதுகில் ஒரு தட்டு. "எந்திரி, அடுத்த மாடு வரட்டும்" என்பாள். ராக்ஹாம்ப்டன் மாட்டுச் சந்தையில் எடை மேடையில் வேலை பார்த்தவள் அவள். எண்ணாக எழுதி வைக்காத எதையும் நம்பமாட்டாள்.

அவளுடைய அப்பா முதுகிலிருந்த ஒரு மச்சத்தால் இறந்தவர். தனியாக வாழ்ந்தவர். யாரும் அவர் முதுகைப் பார்க்கவில்லை.

போன வருடம் மார்ச்சில் மார்னி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் வழக்கம்போல நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "சட்டையப் போட்டுக்க, லாக்கி" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் கேட்டேன். சொல்லவில்லை. ஏப்ரலில் நான் நாற்காலியைத் திருப்பவில்லை. என்மேல் சலித்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். ஆகஸ்டில் ஒரு மாட்டு லாரி அவளுடைய காரின்மேல் ஏறியது. அந்த முடிவு அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

ஜனவரியில் மார்னியின் அக்கா ரோவீனா வீட்டில் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில். சட்டை போடவில்லை. ரோவீனா மாட்டு டாக்டர்.

"டேய், அசையாத."

"என்ன ரோ?"

"அசையாதன்னு சொன்னேன்ல. இது எத்தன நாளா இப்படி இருக்கு?"

"எது?"

"ஆமா, உன்கிட்ட போய்க் கேக்குறேன் பாரு. உனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு?"

கன்றுகளின் கொம்பை அளக்கும் கருவியை எடுத்துவந்து அளந்தாள். ஒன்பது மில்லிமீட்டர். ஓரம் கிழிந்த தாள் மாதிரி இருக்கிறது என்றாள்.

"ஒரு பசுவுக்கு இருந்திருந்தா இன்னிக்கே வெட்டி எடுத்திருப்பேன். நீ பசு இல்ல. அது உன் துரதிர்ஷ்டம். டாக்டர்கிட்ட போ."

டாக்டர் ஹாலரன் என்னைப் பார்க்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தார். திரை முழுவதும் மஞ்சளாக இருந்தது.

"முன்ன எவ்வளவு இருந்துச்சு, லாக்லன்?" அவர் மட்டும் என் முழுப் பெயரைச் சொல்வார்.

"மார்னி எழுதி வச்சிருந்தா. நோட்டு எங்க போச்சுன்னு தெரியல."

"உங்க வீட்டுலேர்ந்து இதே மச்சத்துக்காக மூணு தடவ வந்தாச்சு. இது நாலாவது."

"மூணு தடவையும் அவதான் என்னக் கூட்டிட்டு வந்தா."

"அதான் விதி. மூணு தடவ ஒரே எடத்தக் காட்டுனா அது உடம்புக் கோளாறு இல்ல, கவனக் கோளாறு. போன மார்ச்சுல அவங்கள கவனச் சீரமைப்பு மையத்துக்கு அனுப்புனேன். நல்லா தேறிட்டாங்கன்னு போட்டிருக்கு." அடுத்த வரியில் அவள் இறந்த தேதியைப் படித்தார். "மன்னிக்கணும். தேறிட்டாங்கன்னுதான் போட்டிருக்கு."

"இப்ப என் முதுகத் திருப்பிக் காட்டட்டுமா?"

"வேணாம் வேணாம்." இரண்டு கைகளையும் தூக்கினார். "மையத்தோட சான்றிதழ் இல்லாம நான் பாத்தா எனக்குப் புள்ளி குறையும். மாவட்டத்த விட்டு வெளிய அனுப்பவும் முடியாது."

வீட்டுக்கு வந்து மார்னியின் கைப்பையைத் திறந்தேன். போலீஸ் கொடுத்ததிலிருந்து அது திறக்கப்படவில்லை. உள்ளே ஒரு ரசீது: "கவனச் சீரமைப்பு மையம். பெறப்பட்டவை: குறிப்பேடு 1. அளவுகோல் 1 (மஞ்சள்)." தேதி, மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை.

எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டியிருந்தது. மச்சம் வளர்கிறதா என்பது ஒன்று. அவள் ஏன் பார்ப்பதை நிறுத்தினாள் என்பது மற்றொன்று. உண்மையைச் சொன்னால் முதலாவதைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

மையம் ஒரு பழைய செருப்புக் கடையில் இயங்கியது. கால் அளக்கத் தரையில் வரைந்திருந்த கோடுகளின் மேல் வெள்ளையடித்திருந்தார்கள். வரவேற்பில் கெய்லீன் என்ற பெண் இருந்தாள். கையில் ஒரு தட்டு.

"வா கண்ணு. உடம்ப ஞாபகப்படுத்துற சாமான் எல்லாத்தையும் இதுல போடு. வாட்ச்?"

"வாட்ச் எதுக்கு?"

"நாடி பாப்பீங்க. போன்? அதுல நோயத் தேடுவீங்க. கண்ணாடி, சீப்பு. சீப்புல முடி எண்ணுறவங்க இருக்காங்க, உனக்குத் தெரியாது. பெல்ட்டு."

"பெல்ட்டா?"

"எந்த ஓட்டையில மாட்டுறோம்னு பாத்து எளச்சுட்டோமான்னு கணக்குப் போடுவீங்க. கழட்டு கண்ணு, வெக்கப்படாத. இங்க எல்லாரும் கையில புடிச்சிட்டுதான் நடக்குறாங்க."

உண்மைதான். கூடத்தில் பதினான்கு பேர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் தேறியவர்களின் படங்கள். மூன்றாவது வரிசையில் மார்னி இருந்தாள். சிரிக்கவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "ஐந்து மாதங்கள். மருத்துவரிடம் சென்றது: பூஜ்யம்."

ரசீதை கெய்லீனிடம் நீட்டினேன். அதைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நோட்டு எல்லாம் ஞாபகப் பெட்டகத்துல பத்திரமா இருக்கு. ஆனா தேறினவங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க. அவங்க கேக்கமாட்டாங்க. கேட்டா தேறலன்னு அர்த்தம்."

"அப்ப யாருக்குக் குடுப்பீங்க?"

"இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல."

ஆறு வாரப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

மையத்தின் தலைவர் பேராசிரியர் பெதரிக். தன்னை கிளைவ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதலில் சொன்னார். பெயர்ப்பலகையில் பட்டங்கள் மூன்று வரிக்குப் போயின. அவருடைய கால்சட்டை மட்டும் விழவில்லை. தோள்வார் போட்டிருந்தார்.

"உங்க உடம்பு ஒரு சின்னப் பிள்ள மாதிரி," என்றார். "நீங்க பாத்தா அழும். பாக்கலன்னா அழாது. நான் மூணு பிள்ளைய வளத்தவன். பாத்ததே இல்ல. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன்கூட என்கிட்ட வந்து அழுததில்ல."

யாரோ கை தட்டினார்கள்.

"ஒங்களுக்கு இருக்குறது வலி இல்ல, வலியோட ஞாபகம். இன்னிக்கு வலிச்சத ஞாபகம் வச்சுக்குறீங்க. அதனால நாளைக்கு அதே எடத்தத் தேடுறீங்க. தேடுனா கெடைக்கும். எதத் தேடுனாலும் கெடைக்கும், இது என்னோட கண்டுபிடிப்பு. இங்க பயிற்சி முடிச்ச நானூத்திப் பன்னண்டு பேருல ஒருத்தராவது திரும்பி வந்து கொற சொல்லியிருக்காங்களா? இல்ல."

பின்வரிசையில் இருமல் சத்தம் கேட்டது. ஓய்வுபெற்ற ரயில்வே ஆள், டெஸ். இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "அதுல செத்துப்போனவங்க எத்தன பேரு, கிளைவ்?"

"அவங்களும் கொற சொன்னதில்ல," என்றார் பேராசிரியர்.

பயிற்சி எளிது. திரையில் இரண்டு வார்த்தைகள் வரும். ஒன்று நோய், மற்றொன்று சாமான். கட்டி, கதவு. சீழ், சிலேட்டு. சாமானை அழுத்த வேண்டும். நோயின்மேல் கண் போனால் மணி அடிக்கும். பிறகு இருபது வார்த்தைகளைப் படித்துக் காட்டி எதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார்கள். நாற்காலி, திரைச்சீலை, கரண்டி என்று சொல்ல வேண்டும். ரத்தம் என்று சொன்னால் ஒரு புள்ளி போய்விடும். உடலில் ஏதாவது உணர்ந்தால் உடனே கூரையைப் பார்த்து ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது ஆனாலும் அதேதான். அடுத்தவர் நோயைப் பார்ப்பது இன்னும் பெரிய தவறு. அதற்கு இரண்டு புள்ளி.

இங்கே நடப்பதை வீட்டில் பேசமாட்டேன் என்றும் கையெழுத்து வாங்கினார்கள். பேசினால் ஞாபகம் வலுவாகுமாம். அதைப் படித்தபோது மார்னி பாத்திரம் கழுவியது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

டெஸ் எனக்குப் பக்கத்து நாற்காலி. "தம்பி, நீ எதுக்கு வந்த?"

"முதுகுல மச்சம்."

"நான் இருமல். இருமுனா புள்ளி போகுது. புள்ளி போனா இருமல் வருது." ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பத்தியெட்டு வருஷம் ரயில்வேயில இருந்தேன். அங்ககூட இவ்வளவு கிறுக்கனுங்கள ஒரே எடத்துல பாத்ததில்ல."

அவருடைய அட்டையில் "கவனத்தை ஈர்க்கும் நோக்கில் இருமுகிறார்" என்று எழுதினார்கள். பிறகு "நோக்கம் அதிகரித்துள்ளது" என்று எழுதினார்கள்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை டெஸ் இருமிக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்தார். கால்சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது. உதடு நீலமாக இருந்தது. பேராசிரியர் தெளிவான குரலில் சொன்னார்: "கூரை."

பதினான்கு பேர் கூரையைப் பார்த்தோம். "மின்விசிறி," என்றார்கள். "குழல்விளக்கு. ஒட்டடை." தரையில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "பல்லி," என்றாள் ஒரு பெண், அழுதுகொண்டே. கெய்லீன்தான் ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வந்தவர்களைப் பயிற்சி முடியும்வரை வாசலில் நிற்கச் சொன்னார் பேராசிரியர். அவர்கள் கெட்ட வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள்.

நானும் கூரையைத்தான் பார்த்தேன். எனக்குக் குறிப்பேடு வேண்டும். ஆறு பொருள் சொன்னேன். ஒன்று கூடுதல். அன்று வகுப்பிலேயே அதிகப் புள்ளி எனக்குத்தான். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கையைக் கழுவினேன். கையால் நான் எதையும் தொட்டிருக்கவில்லை.

டெஸ் பிழைத்துக்கொண்டார். நெஞ்சில் குழாய் செருகி இரண்டு லிட்டர் நீரை எடுத்தார்கள். நான்காம் வாரத்தைத் தவறவிட்டதால் முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று மையம் மருத்துவமனைக்குக் கடிதம் அனுப்பியது.

ஆறாம் வாரம் இறுதித் தேர்வு. விரலில் ஒரு கம்பியைச் சுற்றினார்கள். திரையில் வார்த்தைகள் வரும்போது இதயம் எவ்வளவு துள்ளுகிறது என்று ஒரு கோடு காட்டும். புற்று என்று வந்தது. கோடு நேராகப் போனது. பீரோ. நேராகப் போனது. சவப்பெட்டி. நேர். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். தட்டச்சுப் பலகையில் தானே ஏதோ அடித்தார்.

திரையில் மார்னி என்று வந்தது.

கோடு நேராகப் போனது.

"அற்புதம்," என்றார். "பதினோரு வருஷத்துல இப்படி ஒரு கோட்ட நான் பாத்ததில்ல. எப்படிப் பயிற்சி பண்ணீங்க?"

"ஆகஸ்டுலேர்ந்து இப்படித்தான் இருக்கு."

"ஒங்க மனைவியும் எங்க பெரும தெரியுமா. கடைசி அஞ்சு மாசம் ஒரு டாக்டர்கிட்டயும் போகல. செத்தது லாரியில. நோயில இல்ல. எங்க கணக்குல அது முழு வெற்றி."

கையைக் குலுக்கினார். அவருடைய கை ஈரமாக இருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். மறு கையால் அதைப் பிடித்திருந்ததால் வசதியாக இருந்தது.

பெட்டகத்துக்கான படிவத்தை கெய்லீன் நிரப்பித் தந்தாள். "'ஏன் வேண்டும்?'னு ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல 'வேண்டாம்'னு எழுது கண்ணு. வேணும்னு எழுதுனா குடுக்கமாட்டாங்க." வேண்டாம் என்று எழுதினேன். பெல்ட், வாட்ச், குறிப்பேடு, மஞ்சள் ஸ்கேல் எல்லாம் ஒரே தட்டில் வந்தன. குறிப்பேட்டின் பின்னட்டையில் சில தாள்களைத் தைத்திருந்தார்கள். கெய்லீன் அதைப் பார்த்தாள். பிரித்தெடுக்க வேண்டும் என்பது விதியாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

காரில் உட்கார்ந்து படித்தேன்.

குறிப்பேட்டில் ஆறு வருடங்கள். மாதத்துக்கு ஒரு வரி. முதல் வருடம் மூன்று மில்லிமீட்டர். பிறகு மூன்று, மூன்று, மூன்று. போன வருடம் ஜனவரியில் நான்கு. பிப்ரவரியில் நாலரை. "ஹாலரன் மூன்றாவது முறையும் பார்க்க மறுத்தார். திரையைப் பார்த்தார்" என்று ஒரு வரி. அதோடு முடிந்தது.

தைத்திருந்த தாள்கள் மையத்தின் வாரக் குறிப்புகள்.

"முதல் வாரம். நோயாளிக்குத் தன் உடல்மீது அச்சம் இல்லை. கணவரின் முதுகின்மீது உள்ளது. அரிய வகை. கணவரின் முதுகைப் பார்க்கத் தடை விதிக்கப்பட்டது. காரணத்தைக் கணவரிடம் சொல்லவும் தடை.

மூன்றாம் வாரம். பார்ப்பதை நிறுத்திவிட்டார். நல்ல முன்னேற்றம். அழுதார். கூரையைப் பார்க்கச் சொல்லப்பட்டது.

நான்காம் வாரம். ஞாயிறு மதியம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கணவர் குப்புறத் தூங்கிவிடும்போது, கண்களை மூடிக்கொண்டு மச்சத்தைக் கட்டைவிரலால் அளப்பதாக ஒப்புக்கொண்டார். பார்க்கவில்லை, தடவினேன், ஆகவே விதியை மீறவில்லை என்று வாதிட்டார். இரண்டு புள்ளிகள் குறைக்கப்பட்டன.

ஐந்தாம் வாரம். விரல் நகத்தில் பாதி அளவு வந்துவிட்டது என்கிறார். நகம் வெட்டும்படி அறிவுறுத்தப்பட்டது.

ஆறாம் வாரம். தேர்ச்சி பெற்றால்தான் டாக்டர் கணவரைப் பரிசோதிப்பார் என்பதால் தேர்ச்சி பெற விரும்புவதாகச் சொன்னார். நோக்கம் எதுவாயினும் விருப்பம் வரவேற்கத்தக்கது. தேர்ச்சி."

நான்காம் வாரக் குறிப்பை இன்னொரு முறை படித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எதையும் உணரவில்லை. நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

அந்த வரியைப் படித்தபோது விரலில் கம்பி இருந்திருந்தால் கோடு நேராகப் போயிருக்காது.

மறுநாள் காலை ஹாலரனின் மேசையில் சான்றிதழையும் குறிப்பேட்டையும் வைத்தேன். "மூணு. நாலு. நாலர. இப்ப ஒம்போது. பாருங்க."

சான்றிதழின் எண்ணைக் கணினியில் ஏற்றினார். திரை முழுவதும் பச்சையாக மாறியது. அவர் முகமும் கொஞ்சம் மாறியது.

"நீங்க உச்ச மதிப்பெண்ல தேறியிருக்கீங்க, லாக்லன்."

"சரி. முதுகப் பாருங்க."

"உச்ச மதிப்பெண்ல தேறினவங்களுக்கு உடம்புல கொற இருக்காதுன்னு இதுல வருது. கொற சொன்னா பழசு திரும்புதுன்னு அர்த்தம். அப்ப நான் ஒங்கள..." விரலால் கூரையைக் காட்டினார். "அஞ்சு பொருள் கேக்கணும். தயவுசெஞ்சு சொல்லிடுங்க. பதிவாகும்."

"மார்னியும் இந்தப் பச்சையோட உங்ககிட்ட வந்தாளா?"

அவர் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார்.

"வந்தாளா?"

"வரவேற்புல வந்து கேட்டாங்க. பச்சையா இருந்ததால நேரம் குடுக்க முடியல. அதனால கணக்குல வரல." கூரையைப் பார்த்தார். அவராகவே சொல்லத் தொடங்கினார். "மின்விசிறி..."

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ரோவீனாவின் கொட்டகைக்குப் போனேன். குறிப்பேட்டில் தைத்திருந்த தாள்களை அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்துவிட்டுக் கன்றுக்குட்டி ஒன்றை உதைத்து வெளியே துரத்தினாள். கதவைச் சாத்தினாள்.

"சட்டையக் கழட்டு."

"உன் உரிமம் போயிடும், ரோ."

"என் தங்கச்சி போயாச்சு. உரிமம் என்ன பெரிய மயிரு. குனி."

மாடுகளை நிறுத்தும் இரும்புக் கூண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மரத்துப்போகும் ஊசி போட்டாள். மாட்டுக்கான அளவில் நாற்பதில் ஒரு பங்கு என்றாள். பாதியில், "கத்தாத, பசு கூட இப்படிக் கத்தாது" என்றாள். நான் கத்தவில்லை. அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

எடுத்த துண்டை ஒரு குப்பியில் போட்டு, பிரிஸ்பேனிலுள்ள கால்நடை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். படிவத்தில் எழுதினாள்: விலங்கு, பசு. வயது, நான்கு. நிறம், வெளுப்பு, முகத்தில் புள்ளிகள். பெயர், லாக்கி.

நான்காம் நாள் பதில் வந்தது. ஒரு பக்கம் அச்சில். அதன்கீழே ஆய்வாளர் கையால் எழுதியிருந்தார்: "முப்பது வருடங்களாக மாட்டுத் தோல் பார்க்கிறேன். எந்தப் பசுவும் இப்படி முதுகில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வந்ததில்லை. இது தோல்புற்று. வெட்டிய ஓரத்தில் புற்று இன்னும் மிச்சம் இருக்கிறது. உங்கள் பசுவை நாளையே விமானத்தில் ஏற்றுங்கள்." கீழே ஒரு அறுவை மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. "என் மைத்துனர்தான். பரிந்துரைக் கடிதம் கேட்கமாட்டார்."

அந்த மருத்துவர் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அந்தப் பசுவா? திரும்புங்க, பாக்கலாம்."

பாக்கலாம் என்ற சொல்லை ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அகலமாக வெட்டித் தைத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். ஒரு வருடம் முன்பு வந்திருந்தால் இன்னும் நல்ல நேரம் என்றும் சொன்னார்.

தையல் பிரித்த வாரத்தில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. இதுவரை இல்லாத மதிப்பெண் பெற்றதற்குப் பாராட்டு. என் படத்தை மார்னியின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட விரும்புகிறார்கள். கணவனும் மனைவியும் தேறியது இதுவே முதல்முறை. தெளிவான வண்ணப்படம் ஒன்று அனுப்ப வேண்டும்.

அந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ரோவீனா வந்தாள். சமையலறை நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தேன். தழும்பின்மேல் மஞ்சள் ஸ்கேலை வைத்தாள். அறுபத்தொரு மில்லிமீட்டர். குறிப்பேட்டில் பிப்ரவரிக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். ஸ்கேலை அப்படியே பிடித்துக்கொண்டு அவள் என் முதுகைப் படம் எடுத்தாள். அதை அனுப்பினேன். டெஸ்ஸுக்கும் ஒரு பிரதி.

மையத்தின் பதில் பத்து நாளில் வந்தது. கையெழுத்து, பேராசிரியர் பெதரிக்.

"படம் கிடைத்தது. நன்றி. அளவுகோல் தெரிவதால் சுவரில் மாட்ட இயலாது. அளவுகோல் இல்லாமல் இன்னொன்று அனுப்பவும்."